ஒரே போன், ஐந்து பேர்: வீட்டில் இணையத்தைப் பத்திரமாகப் பயன்படுத்த ஒரு வழிகாட்டி

வட சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் நல்ல போன் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். காலையில் அது அப்பாவோடு வேலைக்குப் போகும். சாயங்காலம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பைப் பார்க்கப் பெண் கேட்பாள். ராத்திரி ஆயா சீரியல் பார்ப்பார், அவர் கண் அசந்ததும் தம்பி கேம் ஆடுவான். அதே போனில்தான் ஜிபே, மகளிர் குழுக் கடன் கணக்கு, கேஸ் புக்கிங், வீட்டிலுள்ள எல்லாருடைய ஆதார் படமும் இருக்கும். ஆளுக்கொரு லேப்டாப், பிள்ளைக்குத் தனி அறை என்ற கணக்கில் எழுதப்படும் அறிவுரைகள் இந்த வீடுகளுக்கு ஒத்துவருவதில்லை. அதனால் பங்குபோட்டுப் பயன்படுத்தும் போனிலிருந்தே தொடங்குகிறேன். இணையத்துக்குப் புதியவர்களும் செய்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: உட்கார்ந்து பேசுவது

செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் வீட்டிலுள்ள எல்லாரையும் ஒரு இடத்தில் உட்கார வையுங்கள். அப்பாவோ அம்மாவோ, போன் யார் பேரில் இருக்கிறதோ அவர், வாய்விட்டு இதைச் சொல்ல வேண்டும்: "போன்ல எது நடந்தாலும், காசே போனாலும், யாரு மிரட்டுனாலும், மொதல்ல வந்து என்கிட்ட சொல்லு. அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன், போனைப் புடுங்கமாட்டேன்."

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. பணம் போனால் எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ அவ்வளவுக்கு அதை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அடிக்குப் பயந்து பையன் இரண்டு நாள் மறைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். போட்டோவை வைத்து மிரட்டுகிறவனுக்கும் பெண்ணின் வாய் மூடியிருப்பதுதான் பலம். "உங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்ற ஒரே வரியை வைத்துத்தான் அவன் அவளை மேலும் மேலும் படம் அனுப்ப வைக்கிறான். அவள் ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருந்தால் அந்த வரிக்கு வேலையே இல்லை.

பெண்பிள்ளை வந்து சொன்னதும் போனைப் பிடுங்குவது, டியூஷனை நிறுத்துவது, கல்யாணப் பேச்சை எடுப்பது நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தண்டனை கிடைத்தது மிரட்டியவனுக்கல்ல, உண்மையைச் சொன்னவளுக்கு. அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள்.

அதே உட்காரலில் ஒரு ரகசியச் சொல்லையும் முடிவு செய்யுங்கள். இப்போது குரலை நகல் எடுத்து, "அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, உடனே காசு போடு" என்று மகன் மாதிரியே பேச வைக்க முடிகிறது. அப்படி ஒரு அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேளுங்கள், சொல்லத் தெரியவில்லை என்றால் போனைத் துண்டித்துவிடுங்கள். ஊர்ப்பேர், குலதெய்வம், செல்லப்பேர் வேண்டாம். அதெல்லாம் ஃபேஸ்புக்கில் கிடைக்கும்.

போனைக் கையில் எடுங்கள்

ஸ்க்ரீன் லாக் இல்லாத போன்களை இன்னும் நிறையப் பார்க்கிறேன். ஆறு இலக்க எண்ணை லாக்காகப் போடுங்கள். பேட்டர்ன் வேண்டாம், கண்ணாடியில் விரல் தடமே காட்டிக்கொடுக்கும். ஜிபே, போன்பே ஆப்களுக்கு உள்ளேயே தனி லாக் உண்டு, அதையும் போடுங்கள். போன் லாக்கும் யூபிஐ பின்னும் ஒரே எண்ணாக இருக்கவே கூடாது. போன் லாக் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். யூபிஐ பின் தெரிய வேண்டியதில்லை. யூபிஐ லைட் போட்டிருந்தால் சின்னத் தொகைக்கு பின் எண்ணே கேட்காது. போன் பிள்ளைகள் கையில் புழங்கும் வீட்டில் அதை எடுத்துவிடுவது நல்லது.

சின்னப் பிள்ளையிடம் போனைக் கொடுக்கும்போது ஆண்ட்ராய்டில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்க்ரீன் பின்னிங்' என்று தேடுங்கள். அதை ஆன் செய்து, வெளியே வர லாக் எண் கேட்கும்படி வைத்துவிட்டு, யூடியூப் கிட்ஸை மட்டும் பின் செய்து கொடுத்தால் பிள்ளை அதைவிட்டு வேறெங்கும் போக முடியாது. ஐபோனில் இதற்கு 'கைடட் ஆக்சஸ்' என்று பெயர்.

அடுத்தது வாட்ஸ்அப். செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதற்குள் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்'. அதில் ஒரு ஆறு இலக்க பின் வைத்துவிட்டால், ஓடிபியை யாரோ ஏமாற்றி வாங்கினாலும் உங்கள் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறப்பது கடினம். பிரைவசி பகுதியில் குரூப்ஸ் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். முன்பின் தெரியாதவன் உங்களைப் பங்குச்சந்தை குரூப்பில் தூக்கிப்போடுவது இதோடு நிற்கும். புரொஃபைல் போட்டோவும் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். 'லிங்க்டு டிவைசஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் எதாவது அதில் இருந்தால் உடனே லாக் அவுட் செய்யுங்கள்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கொடுப்பதற்கு முன் அந்தப் போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண், வரும். ஆங்கிலத்தில் KYM என்று டைப் செய்து, இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போனாகப் பதிவாகி முடக்கப்பட்டிருந்தால் பதிலில் தெரிந்துவிடும். உங்கள் வீட்டுப் போன்களின் ஐஎம்இஐ எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். அதே தளத்தில் உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் ஒன்று அங்கே இருந்தால், 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே புகார் கொடுக்கலாம்.

ஜெராக்ஸ் கடை

பாஸ்வேர்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை. நாம் என்ன செய்கிறோம்? ஆதார், பான், சாதிச் சான்றிதழ், பிள்ளையின் டிசி எல்லாவற்றையும் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, ரெண்டு காப்பி போடுங்கண்ணா" என்கிறோம். அடுத்த முறை போகும்போது அந்த மானிட்டரைக் கொஞ்சம் பாருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறந்திருக்கும். யாரோ ஒரு அம்மாவின் ஆதார், பக்கத்துத் தெருப் பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று வரிசையாகக் கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் பென்டிரைவ் சொருகுகிறார்கள்!

பிரிண்ட் கைக்கு வந்ததும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணா, ஃபைலை டெலிட் பண்ணிடுங்க, டவுன்லோட்ஸ்லயும் ரீசைக்கிள் பின்லயும் சேர்த்து." நீங்கள் உங்கள் போனில் 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' போட்டாலும் கடை கம்ப்யூட்டரில் இறங்கிய ஃபைல் அப்படியே இருக்கும். முழு ஆதார் எண் தேவைப்படாத இடங்களுக்கு 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், கடைசி நான்கு இலக்கம் மட்டுமே அதில் தெரியும். காகித நகல் கொடுத்தால் குறுக்கே 'சிம் கார்டு வாங்க மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிரவுசிங் சென்டரில் ஜிமெயிலோ வாட்ஸ்அப்போ திறந்தால், எழுந்து வருவதற்கு முன் லாக் அவுட்.

கைரேகையை வைத்துப் பணம் எடுக்கும் முறை இருப்பதால் ஆதாரின் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை போன்ற உடல் அடையாளப் பதிவை, பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறவர் அதைப் பூட்டினால் அங்கேயும் வேலை செய்யாது, போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பூட்டுங்கள். சந்தேகத்துக்கு ஆதார் உதவி எண் 1947.

காசு

வங்கிக் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை யூபிஐயில் இணைக்காதீர்கள். இன்னொரு கணக்கில், அது ஜன் தன் கணக்காகக்கூட இருக்கலாம், வாரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் போட்டு அதை ஜிபேவில் வையுங்கள். என்ன தவறு நடந்தாலும் போவது அந்த வாரத்துக் காசோடு நிற்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்று: பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை. பின் போடுகிறோம் என்றாலே பணம் நம்மிடமிருந்து போகிறது. "ஸ்கேன் பண்ணுங்க, உங்களுக்கு காசு வரும்" என்று யார் சொன்னாலும் பொய்.

தள்ளுவண்டி, மீன் வியாபாரம், டிபன் கடை வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அப்படியே அச்சாகக் காட்டும் போலி ஆப்கள் உண்டு. ஸ்பீக்கர் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் போனில் கணக்கில் ஏறியது தெரிய வேண்டும். காலையில் கடை திறந்ததும் க்யூஆர் ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இனி வரும் மெசேஜ்கள். மின்வாரியத்தின் பேரில் வருவதை ஒருமுறை நெருக்கமாகப் பார்ப்போம். சாயங்காலம் ஏழு மணிக்கு வரும். "போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்." கீழே ஒரு பத்து இலக்கச் செல் நம்பர். வீட்டில் குழந்தை தூங்குகிறது, வெயில் காலம், ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்று அம்மா பதறி அந்த எண்ணுக்குப் போன் போடுவார். அவன் அதிகாரி மாதிரியே பேசுவான். "பத்து ரூபா கட்டுனா போதும்மா, அப்டேட் ஆயிடும், ஒரு ஆப் அனுப்புறேன்." அந்த ஆப் ஸ்க்ரீனைப் பகிரும் ஆப். பத்து ரூபாய்க்கு நீங்கள் தட்டும் எண்கள் எல்லாம் அவன் கண்ணில் படும்.

நிதானமாகப் படித்திருந்தால் முதல் வரியே பொய் என்று தெரியும். நமக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 'போன மாத பில்' எங்கிருந்து வரும்? மின்வாரியமோ வங்கியோ தனிப்பட்ட செல் நம்பரிலிருந்து இப்படி மெசேஜ் போடாது. நிறுவனங்களின் எஸ்எம்எஸ் எழுத்துகளால் ஆன பேரில் வரும். வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களுக்கு மாறி வருகின்றன. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி வங்கித் தளங்களின் முகவரியும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றப்பட்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் மறுநாள் காலை ஈபி ஆபீசுக்கே நடந்து போய்க் கேளுங்கள்.

இதைவிட மோசமானது கல்யாணப் பத்திரிகை என்றும், டிராஃபிக் ஃபைன் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல். அனுப்பியவர் உங்கள் சொந்தக்காரராகவே இருப்பார், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். ஃபைல் பேரின் கடைசியில் ஆங்கிலத்தில் APK என்ற மூன்று எழுத்து இருந்தால் அது பத்திரிகை அல்ல, ஆப். தொட்டால் இன்ஸ்டால் ஆகி, வரும் ஓடிபிகளை எல்லாம் படித்து அவனுக்கு அனுப்பும். போன் அப்போது 'தெரியாத இடத்திலிருந்து இன்ஸ்டால் செய்ய அனுமதிக்கவா' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் யாரும் 'சரி' சொல்லக்கூடாது என்று இப்போதே பேசி வையுங்கள். தெரியாமல் இன்ஸ்டால் ஆகிவிட்டால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதாவது உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்குங்கள்.

வீடியோ காலில் போலீஸ் யூனிஃபார்ம் போட்டவன் வந்து "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிருக்கோம், ரூமைவிட்டு வெளிய போகாதீங்க" என்பான். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. பென்ஷன் வாங்கும் தாத்தா, ஆயாவிடம் இதைத் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். அவர்கள்தான் போலீஸ் என்ற பேருக்கே நடுங்குகிறவர்கள்.

பிள்ளைகள்

பிள்ளைக்கென்று தனிப் போன் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போடுங்கள், காசு கிடையாது. பிள்ளையின் வயதைச் சரியாகக் கொடுத்து ஜிமெயில் தொடங்கினால், எந்த ஆப் இறக்குவது, எத்தனை மணி நேரம், ராத்திரி எப்போது போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் உங்கள் போனிலிருந்தே முடிவு செய்யலாம். இன்ஸ்டாகிராமிலும் உண்மையான வயதைப் போட்டால் டீன் அக்கவுண்டாக மாறும், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. 18 என்று பொய் வயது போட்டுக் கொடுப்பது பல வீடுகளில் பெற்றோர்தான். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்தால் கேமில் டைமண்ட் வாங்கிக் காசு கரைவது நிற்கும்.

வீட்டில் வைஃபை இருந்தால், ரூட்டர் அடியில் ஒட்டியிருக்கும் பழைய பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி லைன் போட்ட பையனிடம் கேளுங்கள். கையோடு ரூட்டர் செட்டிங்ஸில், தளங்களின் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, அடுத்ததில் 1.0.0.3 என்று போடச் சொல்லுங்கள். கிளவுட்ஃபிளேர் குடும்பங்களுக்காக இலவசமாகத் தரும் இது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் பெருமளவு தடுக்கும். மொபைல் டேட்டாவில் இது வேலை செய்யாது.

பூட்டுகளைவிட எனக்கு நம்பிக்கை தருவது ராத்திரி பத்து மணிக்கு எல்லாப் போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் கிடப்பது. அப்பா போனும் சேர்த்துத்தான். அவர் மட்டும் போர்வைக்குள் ரீல்ஸ் பார்த்தால் பிள்ளை கேட்காது. இன்னொன்று, சாயங்காலம் கிரவுண்டுக்கு அனுப்புங்கள். ஃபுட்பாலும் பாக்சிங்கும் கேரமும் நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. விளையாடிக் களைத்து வரும் பிள்ளைக்கு போன் தேடும் நேரம் குறைவு.

படத்தை வைத்து யாராவது மிரட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுத்தால் திரும்பக் கேட்பான். மெசேஜ்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, பெண்களுக்கு 181. குழந்தைகள், பெண்கள் தொடர்பான புகாரை cybercrime.gov.in என்ற அரசின் சைபர் கிரைம் தளத்தில் பேர் சொல்லாமலேயே கொடுக்கலாம். படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற தளம் சிறுவர்களுக்கும், 'ஸ்டாப் என்சிஐஐ' பெரியவர்களுக்கும் இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறியீடு மட்டும் போய்ச் சேரும்.

வேலை தேடும் பிள்ளைகள் இருக்கும் வீடு

காலேஜ் முடித்துவிட்டு வேலைக்கு அலையும் பையன்களிடம் ஏரியாவில் தெரிந்தவனே வந்து கேட்பான்: "மச்சான், உன் அக்கவுண்டையும் சிம்மையும் குடு, சும்மா இருந்தா மாசம் காசு வரும்." யாரோ ஒரு பென்ஷன்காரரிடம் திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரன் வீட்டு வாசலில். வெளி மாநிலத்திலிருந்துகூடத் தேடி வருவார்கள். வழக்கு, முடங்கிய கணக்கு, பிறகு அரசு வேலைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷனில் சிக்கல். இதைப் பையனிடம் அப்பா நேராகப் பேச வேண்டும்.

டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்று முதலில் நூறு இருநூறு கொடுத்து, பிறகு முதலீடு கேட்பது இன்னொரு வலை. டூரிஸ்ட் விசாவில் கம்போடியா, மியான்மருக்கு டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய் மோசடிக் கூடத்தில் அடைத்து வைப்பதும் நடந்திருக்கிறது. உடனடிக் கடன் தரும் ஆப் உங்கள் கான்டாக்ட்ஸையும் கேலரியையும் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கடன் ஆப்கள் அவற்றைத் தொடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

காசு போய்விட்டால்

அழுவதற்கு முன் 1930. இது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் போன கணக்கு, தொகை, நேரம், யூபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் திரும்பத் திரும்பப் போடுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தட்டும். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை வைத்து அன்றே cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, மெசேஜ் எதையும் அவமானப்பட்டு அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி.

பிறகு உங்கள் ஏரியா காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் திரும்பி வராதீர்கள். பெரிய தொகை என்றால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.

வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் வழியில் பணம் போயிருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுடையது அல்ல. ஓடிபியையோ பின்னையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. அதனால் எத்தனை மணிக்குத் தெரிவித்தீர்கள் என்பதைப் புகார் எண்ணோடு நோட்டில் எழுதி வையுங்கள். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. எப்படி என்று கேட்க 14448.